யார் வரவில்லை என்று தெரிந்த சபை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் முற்போக்குச் சபைகள் என்று பெயரெடுத்தவற்றில் பிரசங்கம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வாசலில் எல்லாரையும் வரவேற்கும் பலகை இருக்கும். பெண்கள் பீடத்தில் நின்று திருவிருந்து நடத்துவார்கள். நிறம், சாதி, மொழி, பாலினம் எதைக் காட்டியும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருப்பார்கள். ஆனால் மூன்று ஞாயிறாக வராத ஓர் ஆயாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. போதகருக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். போதகரோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார்.

2020 மார்ச் 26 நள்ளிரவில் தொடங்கிய ஊரடங்குக்குப் பிறகு இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. ஆராதனை இணையத்துக்குப் போனது. திரும்பக் கதவு திறந்தபோது பாதி இருக்கைகள் காலி. போனவர்கள் யார், ஏன் போனார்கள், வேறு சபைக்குப் போனார்களா, உடம்பு முடியாமல் இருக்கிறார்களா என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. சபை வாழ்வைத் திரும்பக் கட்டுவது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புது இசைக்குழுவோ புது ஒலிபெருக்கியோ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. 1860 நவம்பர் 16-இல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோதே அதில் சென்னையிலிருந்து ஏறிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இனத்துக்கு ஓர் இடம் என்று குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பிறகு கேட்டோ மேனர், மேகஸின் பராக்ஸ் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். பிற்பாடு ஃபீனிக்ஸ் வந்தது. ஆலயக் கட்டடம் எழும்புமுன்பே நகரசபை வீடுகளின் முன்னறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடந்தது. அந்த முன்னறைக் கூட்டத்தில் யார் வரவில்லை என்பது பார்த்தவுடனே தெரியும். பெந்தெகொஸ்தே சபைகள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. போதகர் ரோலண்ட்ஸ் வளர்த்த பெத்தேஸ்தா சபைகளும் அவற்றிலிருந்து கிளைத்தவையும் வீட்டுக்கூட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. நோயாளி வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர்கள் பல நேரம் அவர்கள்தான். அவர்களுடைய போதனையில் நமக்கு ஒப்பாத விஷயங்கள் இருக்கலாம். ஆள் தேடிப் போகும் பழக்கத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ள முற்போக்குச் சபை தயங்கக் கூடாது.

ஏடும் தொலைபேசியும்

தடிமனான அட்டை போட்ட ஏ4 நோட்டு ஒன்று போதும். கணினி அட்டவணை வைத்தால் அதைத் திறப்பவர் ஒருவராகத்தான் இருப்பார். நோட்டை யாரும் புரட்டிக் குறிக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு வரி, ஒரு ஞாயிறுக்கு ஒரு கட்டம். தனியாக வாழ்பவருக்கும் தனி வரி. வாசலில் கைகுலுக்கி வரவேற்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பதால் எழுத மறந்துவிடுவார். பின்வரிசையில் உட்காரும் இரண்டு பேர், இரண்டாவது கீர்த்தனை பாடும் நேரத்தில் குறிக்கட்டும். ஆராதனை முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து இருவரும் ஒத்துப் பார்க்கட்டும்.

ஒரு ஞாயிறு வரவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் ஓர் அழைப்பு போக வேண்டும். மூன்று ஞாயிறு என்றால் இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அழைப்பவர்களாகப் பயிற்சி கொடுத்த ஆட்கள் தேவை. ஒருவருக்கு ஆறு முதல் எட்டு வீடுகள் வரை கொடுக்கலாம். இருபது வீடு கொடுத்தால் முதல் மாதம் ஆர்வமாகச் செய்வார், மூன்றாம் மாதம் நோட்டையே தொடமாட்டார். போதகரை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போதகர் அழைத்தால் 'எல்லாம் நல்லா இருக்கு ஐயா' என்று முடிந்துவிடும். பக்கத்துத் தெரு அக்கா அழைத்தால்தான் மகனுக்கு வேலை போன விஷயம் வெளியே வரும்.

அழைப்பில் என்ன பேசுவது என்பதை எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. "ஏன் சபைக்கு வரலை?" என்ற கேள்வி வேண்டாம், அது கணக்குக் கேட்பது போலிருக்கும். "அக்கா, ரெண்டு வாரமா உங்களைப் பாக்கலை, உடம்பு நல்லா இருக்கா?" இது போதும். பிறகு பேச விட வேண்டும். அந்த அழைப்பில் எந்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடக் கூடாது, காணிக்கை பற்றி மூச்சுவிடக் கூடாது. முடிந்ததும் நோட்டில் ஒரே வரி: நலம், நோய், வெளியூர், உதவி தேவை, மனவருத்தம். வருத்தத்தின் விவரம் நோட்டில் ஏறக் கூடாது. அதை அழைத்தவர் போதகரிடம், சம்மதம் கேட்டுவிட்டு, நேரில் மட்டும் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைத் தாதிகள், கடைத்தொகுதிகளில் வேலை செய்பவர்கள், காவல் பணியாளர்கள் ஆகியோருக்கு வேலை முறை மாறி மாறி வரும். அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் இரவுப் பணி முடித்துத் தூங்குகிற தாதியை ஒவ்வொரு மாதமும் எழுப்பி நலம் விசாரிப்பீர்கள்.

முற்போக்குச் சபைகளுக்கே உரிய ஒரு சங்கடம் இங்கே வரும். நம்மிடம் வந்து சேர்ந்தவர்களில் பலர், வேறு சபையில் கண்காணிக்கப்பட்டுக் காயப்பட்டு வந்தவர்கள். யாரோடு போகிறாய், என்ன உடுத்துகிறாய், ஏன் வரவில்லை என்று துளைக்கப்பட்டவர்களுக்கு நோட்டுப் புத்தகம் பயம் தரும். அதனால் பெயர் எழுதும்போதே ஓர் அட்டையில் மூன்று கட்டங்கள் கொடுங்கள்: நான் வராவிட்டால் அழைக்கலாம், செய்தி மட்டும் அனுப்பலாம், ஒன்றும் வேண்டாம். மூன்றாவதைத் தேர்ந்தவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அட்டையைத் திரும்பக் கொடுத்தால் போதும். சிலர் தாங்களாகவே முதல் கட்டத்துக்கு மாறுவார்கள்.

இதற்குச் சட்டமும் உண்டு. போப்பியா என்று எல்லாரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மத நம்பிக்கை பற்றிய தகவலை அது சிறப்புத் தகவல் என்ற வகையில் வைக்கிறது. சபை தன் அங்கத்தினர் விவரத்தை வைத்துக்கொள்ளலாம்; வெளியாளிடம் கொடுக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும். நடைமுறையில் அடிக்கடி மீறப்படுவது வாட்ஸ்அப்பில்தான். நூறு பேரை ஒரே குழுவில் போட்டால் நூறு பேருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அறிவிப்புக்கு எண்களைக் காட்டாத ஒலிபரப்புப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் குழுவில் போட்டு ஜெபிக்கச் சொல்வது நல்ல மனதோடு செய்யும் தவறு. அதை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டு மேசை

ஆராதனை முடிந்ததும் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம். அதில் உறவு வளராது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவரைத் தேடிப் போய் நிற்பார்கள், புதியவர் சுவரோரம் நிற்பார். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு தடவை தவறியவர் இரண்டு மாதம் மேசையைப் பார்க்கமாட்டார். வாரந்தோறும் என்றால் சமைப்பவர்கள் ஆறு மாதத்தில் ஓய்ந்துபோவார்கள். இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் என்று வைத்துக்கொள்வதுதான் நிலைக்கிறது. ஐந்தாம் ஞாயிறு வந்தால் சமையல் இல்லை.

ஐம்பது பேருக்கான டர்பன் பிரியாணிக்கு அளவு இது: அரிசி 5 கிலோ, எலும்போடு வெட்டிய கோழி 8 கிலோ, உருளைக்கிழங்கு 4 கிலோ, வெங்காயம் 3 கிலோ, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு 1 கிலோ, புளித்த பால் 2 லிட்டர். 20 லிட்டர் பாத்திரம் இரண்டு வேண்டும். ஒரே பெரிய பாத்திரத்தில் போட்டால் அடி பிடிக்கும், நடுவில் வேகாது. பருப்பைத் தனியாக, முழுதாக நிற்கும் பதத்தில் அவித்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் கல்லாகக் கிடக்கும், குழைய விட்டால் எல்லாம் சேறாகும். அரிசி முக்கால் பதம். அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து, சிறு தீயில் 45 நிமிடம் தம் போட வேண்டும். மூடியை நடுவில் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவரை அந்தப் பக்கம் விடாதீர்கள். கூட ஊற்றிக்கொள்ளப் பருப்பு 10 லிட்டர், காரட்டும் வெங்காயமும் வினிகரில் ஊறிய சாலட். சைவம் உண்பவர்களுக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வேண்டும். ஒரு கிலோ அரிசியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும்.

மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சபை மேசையில் வேண்டாம். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்து உறவினர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள் கூட வந்து உட்காரும்போது என்ன சாப்பாடு என்று கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. கோழியை ஹலால் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

மின்சாரத்தை நம்பி மின்அடுப்பில் இறங்கக் கூடாது. 19 கிலோ எரிவாயு உருளை ஒன்றும் மாற்றாக 9 கிலோ ஒன்றும் வைத்திருங்கள், உருளை கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். சமைத்த சாதம் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. டர்பன் வெயிலில் ஜனவரி, பெப்ரவரியில் அது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பதானால் சாப்பாடு முடியும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

மேசைக்கு எட்டு பேர். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நிரந்தர விருந்தோம்புபவர். அவர் எப்போதும் அதே மேசையில் உட்காருவார். புதிதாக வந்தவரைப் போதகரிடம் கூட்டிப் போவதைவிட மேசையில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். ஒலிவாங்கியைப் பூட்டி வைத்துவிடுங்கள். சாப்பிடும்போது அறிவிப்பு சொன்னால் அந்த மேசையின் பேச்சு செத்துவிடும், திரும்பத் தொடங்காது. பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றரைக்குள் முடியுங்கள். ஞாயிறு பிற்பகலில் டாக்சி குறைவு, வெளியூர் பஸ் இன்னும் குறைவு.

யார் சமைப்பது என்பதில்தான் முற்போக்கு என்ற சொல்லுக்குச் சோதனை. தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபை 1992-இல் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்ய ஒப்புக்கொண்டது. மெதடிஸ்ட் சபையின் முதல் பெண் தலைமை ஆயராக 2020-இல் பியூரிட்டி மலிங்கா பொறுப்பேற்றார். ஆனாலும் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள், அறுபது வயது தாண்டிய அதே ஐந்து பெண்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆராதனையின் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போனவர்களும் அவர்கள்தான். திருவிருந்தைப் பல ஞாயிறு தவற விட்டிருப்பார்கள். ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள் அமையுங்கள். ஒவ்வொன்றிலும் பாதி ஆண்கள். குழுவுக்கு எட்டு வாரத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். முந்தின நாள் மாலை நறுக்கல், பொரித்தல் எல்லாம் முடிய வேண்டும். ஞாயிறு காலை தம் மட்டும். பாத்திரம் கழுவுவது சமைத்த குழுவின் வேலை ஆகாது. அடுத்த முறைக்காரர்கள் கழுவட்டும். மூத்த பெண்களை முழுதாக விலக்கிவிடவும் கூடாது. அளவும் பதமும் அவர்களுக்குத்தான் தெரியும். நாற்காலி போட்டு உட்கார வைத்து, சொல்லிக் கொடுப்பவர்களாக வையுங்கள்.

வரவேற்பு என்றால் எதுவரை

1996-இன் அரசியலமைப்பு, 9-ஆம் பிரிவில், பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒரே பாலின இணையரும் மணக்க வழிசெய்த சிவில் யூனியன் சட்டம் 2006 நவம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சபைச் சட்டங்கள் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. உங்கள் சபை எந்தப் பெரிய அமைப்பின் கீழ் இருக்கிறதோ அதன் விதியை முதலில் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். சிவில் யூனியன் சட்டப்படி திருமணம் நடத்த, அந்த மத அமைப்பு அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றிருக்க வேண்டும். போதகரும் திருமணப் பதிவு அதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் போதகர் மனம் வைத்தால் மட்டும் முடியாது. இது தெரியாமல் 'நம் சபையில் எல்லாம் நடக்கும்' என்று ஓர் இணையருக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் கைவிரிப்பது பெரிய கொடுமை. நம்மால் முடிந்தது எது, முடியாதது எது, முடியாததை மாற்ற என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கேட்பவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே கொடுங்கள்.

முடிந்தவை நிறைய உண்டு, அவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஞானஸ்நானப் படிவத்தில் 'தகப்பன் பெயர், தாய் பெயர்' என்பதைப் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்று மாற்றுங்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பாட்டிகளுக்கும் அது உதவும். பிறந்தநாள், மணநாள் ஜெபத்தில் எல்லா வீட்டையும் ஒரே மாதிரிக் கூப்பிடுங்கள். கழிப்பறையில் ஒன்றையாவது யாரும் போகக்கூடிய தனி அறையாக, உள்தாழ்ப்பாளோடு வையுங்கள். சக்கர நாற்காலிக்காரருக்கும் அதுவே ஆகும்.

சபையின் பெரியவர்களோடு பேசுவது தனி வேலை. நேரே வாக்கெடுப்புக்குப் போனால் சபை இரண்டாகும், தோற்ற பக்கம் வெளியே போகும். ஆறு மாலைகள் வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. முதல் இரண்டு மாலையில் பெரியவர்கள் தங்கள் அச்சத்தைச் சொல்லட்டும், யாரும் மறுக்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது மாலையில் வேதப்பகுதிகளை, கடினமானவற்றையும் சேர்த்து, பொறுமையாகப் படிக்க வேண்டும். ஐந்தாவதில் சட்டமும் சபை விதியும். ஆறாவதில்தான் என்ன செய்யலாம் என்ற பேச்சு. எந்த மாலையிலும் தன்பாலீர்ப்பு உள்ளவர்களையோ திருநரையோ எழுப்பி நிறுத்தித் தங்கள் கதையைச் சொல்லச் சொல்லக் கூடாது. அவர்கள் தாங்களாக முன்வந்தாலும் இரண்டு நாள் யோசிக்க நேரம் கொடுங்கள். ஒரு மனிதருடைய வாழ்க்கையைக் கூட்டத்தின் மனமாற்றத்துக்குக் கருவியாக்குவது அன்பாகாது. பல பெரியவர்கள் வாதத்தில் அசையமாட்டார்கள், ஆனால் ஒரே மேசையில் எட்டு மாதம் சேர்ந்து சாப்பிட்ட பையனைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் விடமாட்டார்கள். அதனால்தான் மேசையை முதலிலும் இந்தப் பேச்சைப் பிறகும் வைக்கச் சொல்கிறோம்.

வீட்டுக்கூட்டங்கள் பற்றிச் சுருக்கமாக. எட்டு முதல் பன்னிரண்டு பேர், வட்டாரத்தை வைத்துப் பிரியுங்கள். ரிசர்வோயர் ஹில்ஸ்காரரைத் தூரத்து மெரபேங்குக்கு வரச் சொன்னால் இரண்டு தடவைதான் வருவார். வாரநாள் இரவு வேண்டாம். இருட்டில் தனியாகக் கார் ஓட்டப் பெண்கள் பயப்படுகிறார்கள், டாக்சியும் கிடைக்காது. சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை முதல் நான்கு வரை நன்றாக ஓடுகிறது. நடத்துபவர் இருவர். குழுவை ஒன்பது மாதத்துக்கு மேல் அப்படியே நீட்டாதீர்கள், முடித்துவிட்டுக் கலைத்துப் புதிதாகச் சேருங்கள். முடிவுத் தேதி இல்லாத குழுவில் விலக நினைப்பவர் சொல்லாமல் நின்றுபோவார், அதோடு சபையையும் விட்டுவிடுவார்.

பணமும் பிள்ளைகளும்

உதவி நிதி இல்லாமல் வீடு தேடிப் போவது பாதி வேலை. போன இடத்தில் மின்சார மீட்டர் ஓடவில்லை, வீட்டில் மாவு இல்லை என்று தெரியும்போது ஜெபம் மட்டும் செய்துவிட்டு வர முடியாது. உதவி நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, உறவினர் அல்லாத இரண்டு பேர் கையெழுத்து. தீர்மானிப்பவர்கள் மூவர், அதில் போதகர் இருக்க வேண்டாம். இருந்தால் மறுப்பு வந்தவர் போதகரிடம் மனத்தாங்கலோடு இருப்பார். ரொக்கம் கொடுக்காதீர்கள். முன்கட்டண மின்சாரத்துக்கு மீட்டர் எண்ணை வாங்கி நேரே டோக்கன் எடுங்கள், மருந்துக்கு மருந்துக்கடையில் கட்டுங்கள், வாடகைக்கு வீட்டுக்காரரிடம் கட்டுங்கள். ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பை முன்னாலேயே நிர்ணயித்து எல்லாருக்கும் சொல்லிவிட்டால், நெருங்கியவருக்கு அதிகம் கிடைத்தது என்ற பேச்சு எழாது.

வரிச்சலுகை பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சபை பொதுநல அமைப்பாகப் பதிவு பெற்றிருந்தால் காணிக்கைக்கு, வரிக்கழிவு தரும் 18ஏ ரசீது கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மதப் பணிக்கு அந்தச் சலுகை கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டாம் பகுதியில் வரும் பணிகளுக்கு, அதாவது ஏழைகளுக்கான நலப்பணி, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்குத்தான் அது. நலப்பணியைத் தனிக் கணக்கில் நடத்தி, வரித்துறையிடம் தனியாக ஒப்புதல் வாங்கினால் அந்த நன்கொடைக்கு ரசீது கொடுக்கலாம். காணிக்கைப் பையில் விழுந்ததற்குக் கொடுக்க முடியாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் தயவு தாட்சண்யத்துக்கு இடமே இல்லை. ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் எப்போதும் உறவினர் அல்லாத பெரியவர் இருவர், கதவில் கண்ணாடி. 2005-இன் சிறுவர் சட்டம், குழந்தைகளோடு வேலை செய்பவர்களின் பெயர் தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில், குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களைக் குறிக்கும் பி பகுதியில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்கிறது. பதில் வரத் தாமதமாகும், அதுவரை அந்த ஆளைத் தனியாக விடக் கூடாது. முப்பது வருடமாகத் தெரிந்தவர், ஏன் விசாரிக்க வேண்டும் என்ற பேச்சு கட்டாயம் வரும். எல்லாருக்கும், போதகருக்கும் சேர்த்து, ஒரே விதி என்றால் அந்தப் பேச்சு அடங்கும். குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால் புகார் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் போதகர்களையும் சட்டம் 110-ஆம் பிரிவில் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்பது என்பது சட்டமீறல், பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

வேலிக்கு அப்பால்

2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியும் நடந்ததை எந்தச் சபையும் மறக்க முடியாது. அக்கம்பக்கத்து ஆப்பிரிக்கக் குடியிருப்புகளைச் சேர்ந்த பலருடைய உயிர்கள் போயின, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத தூரம்தான் அதற்கு இடம் கொடுத்தது என்பது எங்கள் எண்ணம். முற்போக்குச் சபை இதில் தீர்மானம் எழுதுவதோடு நின்றால் போதாது. பாம்பாயி, இனாண்டா போன்ற பக்கத்து இடங்களில் உள்ள ஒரே ஒரு சபையைத் தேர்ந்து, வருடத்துக்கு நான்கு முறை, மாறி மாறி இரு இடத்திலும், சேர்ந்து சாப்பிடும் வழக்கம் வையுங்கள். நாம் எப்போதும் சமைத்துக் கொடுப்பவர்கள், அவர்கள் எப்போதும் வாங்குபவர்கள் என்று ஆகிவிட்டால் அது உறவு இல்லை. அவர்கள் சமைக்கும் நாளில் நாம் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். ஸூலு மொழியில் நலம் விசாரிக்கவும் ஜெபத்துக்கு ஆமென் சொல்லவும் தெரியாத சபையார் இன்னும் இருக்கிறார்கள். நான்கு சனிக்கிழமை வகுப்பு வைத்தால் அது தீரும்.

வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போட ஆசைப்படும் சபைகள் சொந்தமாக ஒன்று தொடங்கவே நினைக்கும். முதலில் இருப்பதோடு சேருங்கள். நகரின் நடுவில், விக்டோரியா தெருச் சந்தைக்குப் பக்கத்தில், இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி டெனிஸ் ஹர்லி மையம் 2015 முதல் நடக்கிறது. வீடற்றவர்களுக்கு உணவும் மருத்துவமும் அங்கே உண்டு, அகதிகளுக்கும் உதவி உண்டு. அங்கே முறை எடுத்துப் பரிமாறிப் பழகியவர்கள், பிறகு தங்கள் வாசலில் வருபவரிடம் பேசத் தெரிந்தவர்களாகிறார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப்போய் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் நோட்டின் கடைசிப் பக்கங்களை வேறொன்றுக்கு ஒதுக்குங்கள்: யார் வீட்டில் ஜோஜோ தண்ணீர்த் தொட்டி, யாரிடம் எரிவாயு அடுப்பு, யாரிடம் பக்கி எனும் சிறு சரக்கு வண்டி, யார் தாழ்வான இடத்தில், யாருக்கு இன்சுலின், யாருக்கு ஆக்சிஜன். ஒவ்வோர் அக்டோபரிலும், மழைக்கு முன், திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் போனால் கைபேசியும் போகும்; பட்டியலின் நகல் மூன்று வீட்டில் காகிதமாக இருக்கட்டும்.

மொழி பற்றி இரண்டு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வீட்டு மொழி, அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆனால் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பெரியவர்கள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள், அவர்களோடு அது போய்விடும். ஆராதனைக்குமுன் பதினைந்து நிமிடம், ஒரே கீர்த்தனை, நான்கு ஞாயிறு தொடர்ந்து. தாளில் தமிழ் எழுத்து, அதன் கீழே ரோமன் எழுத்து, அதன் கீழே ஆங்கிலத்தில் பொருள், எழுத்தளவு 16. ரோமன் எழுத்தில் எழுதுவதை ஒருவரே செய்யட்டும். ஆளுக்கொரு விதமாக எழுதினால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காங்கோவிலிருந்தும் புருண்டியிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருந்தால் அவர்கள் பாட்டுக்கும் அதே நான்கு ஞாயிறு கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். டிசம்பரில் ஊரே விடுமுறையில் இருக்கும், ஜனவரியில் பள்ளிக் கட்டணமும் சீருடையுமாக வீடுகள் திணறும். பெப்ரவரி முதல் ஞாயிறு நோட்டைத் திறந்து, இரண்டு மாதம் அழைப்பை மட்டும் செய்யுங்கள். மேசை ஈஸ்டருக்குப் பிறகு. வீட்டுக்கூட்டம் ஜூலைப் பள்ளி விடுமுறை முடிந்த பின். ஆறு மாலைப் பேச்சு, மேசை குறைந்தது எட்டு மாதம் நடந்த பிறகு, அதாவது அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலத்தில் தொடங்க வேண்டும். அவசரப்படும் இளைஞர்கள் இதைத் தள்ளிப்போடுவது என்று சொல்வார்கள். அவர்களுக்குத் தேதியை எழுதிக் கொடுத்து, அந்த ஆறு மாலைகளை நடத்தும் பொறுப்பில் பாதியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.